வாங்கிய விளையாட்டை மறுபடி விற்கப் பதிப்பாளர் தடை போடலாமா?

செந்தூல்வாசி: வணக்கம். மகன் விளையாடி முடித்த பிளேஸ்டேஷன் வட்டுகளை கோலாலம்பூரின் மின்னணுக் கடைவளாகமான லோயாட் பிளாசா பக்கம் விற்று, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் புதியது வாங்குவது எங்கள் வழக்கம். இப்போது பதிவிறக்க விளையாட்டுகளே பெருகிவருகின்றன. காசு கொடுத்து வாங்கியதை விற்கக்கூடாது என்று சொல்லப் பதிப்பாளருக்கு என்ன உரிமை இருக்கிறது?

பினாங்குத்தமிழன்: ஐயா, வட்டு விற்பனைக்கும் முட்டுக்கட்டை போட்டுப் பார்த்தவர்கள்தான் அவர்கள். விளையாட்டுப் பதிப்பாளரான இஏ நிறுவனம் 2010இல் கொண்டுவந்த ஆன்லைன் பாஸ் முறையில், வட்டோடு வரும் குறியீட்டை முதலில் வாங்கியவர் பயன்படுத்திவிட்டால், பழைய வட்டை வாங்குபவர் இணையத்தில் பிறரோடு விளையாடத் தனியே பணம் கட்ட வேண்டியிருந்தது. அது 2013இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற விளையாட்டுக் கருவிக்கு, பழைய வட்டுகளைக் கைமாற்றுவது குறித்து மைக்ரோசாப்ட் அறிவித்த கட்டுப்பாடுகளும், வாங்குவோர் கொதித்தெழுந்ததால், கருவி கடைக்கு வருமுன்பே திரும்பப் பெறப்பட்டன. ஜப்பானிய உச்ச நீதிமன்றமோ 2002இலேயே பழைய விளையாட்டுகளை விற்பதைப் பதிப்பாளர் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: பதிவிறக்கத்தில் நமக்குக் கிடைப்பது உரிமம், அதாவது விளையாடும் அனுமதி மட்டுமே, அது நம் கணக்கோடு பிணைந்திருப்பதால் கைமாற்ற முடியாது. கணினி விளையாட்டுகளைப் பதிவிறக்க விற்கும் ஸ்டீம் இணையக் கடையின் வாடிக்கையாளர்களுக்கு மறுவிற்பனை உரிமை உண்டு என்று பாரிஸ் நீதிமன்றம் 2019இல் கூறியது. 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வாங்கு என்று பொத்தானில் எழுதிவிட்டு உரிமையைத் தராதிருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

பினாங்குத்தமிழன்: உண்மைதான். ஆகவே ஐயா, அடுத்த கருவி வாங்கும்போது வட்டு போடும் வசதி இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.