உடனாய்வாளர்: ‘தகவலாளி’க்கு மாற்றாக ஒரு சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சூழலியல் ஆய்வில் பல்கலைக்கழகத்தாரோடு இணைந்து பணியாற்றும் தொல்குடியினரைக் குறிக்கத் தகவலாளி, ஒத்துழைப்பாளர், உசாத்துணை (கலந்தாராயத் துணையாவார்) ஆகிய சொற்கள் இதுவரை இவ்விழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்கு நிறைவில்லை. உடனாய்வாளர் என்ற சொல்லை முன்மொழிகிறேன். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன்.

அலாஸ்காவின் வடகோடியில், இன்று உட்கியாக்விக் எனப்படும் பாரோ ஊரில், இனுப்பியாட் மக்கள் வில்தலைத் திமிங்கிலத்தை வேட்டையாடி வாழ்கின்றனர். அத்திமிங்கிலங்கள் ஓரிரு ஆயிரத்துக்கு மேல் இல்லை என்ற மதிப்பீட்டைக் கொண்டு 1977-இல் பன்னாட்டுத் திமிங்கில ஆணையம் வேட்டைக்குத் தடை விதித்தது. கணக்கெடுத்தவர்கள் பனி விளிம்பில் நின்று, உறைந்த கடலின் நடுவே திறந்திருக்கும் நீர்ப்பாதையில் கண்ணுக்குத் தென்பட்டவற்றை எண்ணினார்கள். பாதை மூடிக்கொண்டால் திமிங்கிலங்களின் பயணமும் நின்றுவிடும் என்று கருதினார்கள். வேட்டைக்காரர்களோ, அவை பனிக்கு அடியிலும் நீந்தும், தலையால் பனியை முட்டி உடைத்து மூச்சு விடும், பார்வைக்கு எட்டாத தொலைவிலும் கடந்து செல்லும் என்றார்கள். அவர்கள் சொன்னதை ஆராயவே 1980-களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகள் இறக்கப்பட்டன, வானூர்தியிலிருந்தும் தேடினார்கள். வேட்டைக்காரர்கள் கூற்று மெய்ப்பட்டது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏறத்தாழ 10,000 என்றது. இடையில் நிகழ்ந்த இனப்பெருக்கமும் அதில் அடங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எதை, எங்கே, எப்படி எண்ண வேண்டும் என்பதையே திருத்திய இவர்களைத் தகவலாளி என்றால், கேட்பவர் ஒருவர், விடை சொல்பவர் வேறொருவர் என்ற பழைய பிரிவினை அப்படியே நிற்கும். ஒத்துழைப்பாளர் என்பதும் பிறர் வகுத்த வேலைக்குக் கைகொடுப்பவரையே உணர்த்துகிறது. உசாத்துணை அழகிய சொல்; தொல்காப்பியக் களவியல் தோழியை அவ்வாறே சுட்டுகிறது. ஆயினும் ஈழத்து நூல்களில் அது மேற்கோள் நூற்பட்டியலின் தலைப்பாக வேரூன்றிவிட்டது. உயிரோடு நம் அருகில் நிற்கும் ஆய்வாளரை நூற்பட்டியலின் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

உடன்பிறந்தார், உடன்படிக்கை ஆகிய சொற்களில் உள்ள ‘உடன்’ ஒருவரை மற்றவருக்குக் கீழே வைப்பதில்லை. உடனாய்வு, உடனாய்வுக் குழு என்று கிளைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன. கூட்டாய்வாளர் என்பது நிறுவனங்களுக்கு இடையிலான ஆய்வுக்கு ஏற்கெனவே வழங்குவதால் அதைத் தவிர்க்கிறேன்.

ஓர் ஐயம் மட்டும் எஞ்சுகிறது. 2017-இல் புளோரிடாவில் மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க, அங்குள்ள பல்கலைக்கழகத்தின் திட்டமொன்றில் நம் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பணியாற்றினார்கள். பிடிக்கும் திறனை மட்டும் கருதினால் வல்லுநர் என்பதே போதும். ஆனால் தடம் பார்த்து எந்தப் புதரில் தேடுவது, எதை விடுவது என்று முடிவு செய்ததும் ஆய்வே அல்லவா? நான் அவர்களையும் உடனாய்வாளர் என்றே எழுதுவேன். இருளரிடையே களப்பணி செய்த நண்பர்கள் இதைப் பற்றித் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.