புதுப்பிப்பு: செவலைக் குதிரையும் கேரட் மூட்டையும்

ஊட்டி மார்க்கெட் குப்பைத்தொட்டியருகே எலும்பும் தோலுமாக நின்ற செவலைக் குதிரையை எங்கள் லாயத்துக்குக் கொண்டுவந்தோம், தீவனத்துக்குத்தான் வழியில்லை என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். பிழைத்துக்கொண்டது. லத்தியோடு பிளாஸ்டிக் துண்டுகள் வந்த நான்கு நாட்களும் எனக்குத் தூக்கமில்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

கேத்தியில் கேரட் கழுவும் இடத்துக்காரர் உடைந்த கேரட்டை மூட்டை மூட்டையாகத் தருகிறார். நல்ல மனசு! ஆனால் அளவாகத்தான் போடுகிறோம். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 5, 6 கிலோ உலர்புல் வேண்டும். கேரட் அதற்கு ஈடாகாது.

புல்லுக்குக் கைகொடுத்தவர்கள், சீசன் முடிந்ததும் குதிரைகளை அவிழ்த்துவிடுகிறார்களே என்று சென்ற முறை நான் திட்டித் தீர்த்த அதே சவாரிக்காரர்கள்தான். சமவெளியிலிருந்து அவர்களுக்கு வரும் லோடில் எங்களுக்கும் பங்கு. பதிலுக்கு, ஆறு வாரத்துக்கொருமுறை நாங்கள் வரவழைக்கும் குளம்பு சீவுபவர் அவர்களுடைய குதிரைகளையும் பார்ப்பார். “சீசன் முடிந்தால் எங்களுக்கே கஞ்சிக்கு வழியில்லை. அவிழ்த்துவிடாமல் என்னம்மா செய்வது?” என்றார் அவர்களில் ஒரு பெரியவர். எனக்குப் பதில் வரவில்லை.

லாயத்துக் கூரை இன்னும் ஒழுகுகிறது. யாரிடமாவது பழைய தார்ப்பாய் இருந்தால் சொல்லுங்கள்.