பழைய பி.எம்.டபிள்யூ 330i செடான், வீட்டிலேயே சீரமைக்கிறேன்: எதில் தொடங்குவது?

மாலை_ஸ்பேனர்:

வணக்கம் நண்பர்களே. பல வருட ஆசை, போன மாதம்தான் கைகூடியது. 2003 பி.எம்.டபிள்யூ 330i, இ46 தலைமுறை செடான், 5 கியர் மானுவல், ஓடியது 1,90,000 கிலோமீட்டர். கடைசி மூன்று வருடம் ஒரு ஷெட்டுக்குள் அசையாமல் நின்ற வண்டி. வெளியே பார்த்தவரை துரு இல்லை, சீட் தோல்கூட நன்றாகவே இருக்கிறது. புது பேட்டரி, புது பெட்ரோல், புது ஆயில் போட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது. அந்த ஆறு சிலிண்டர் சத்தத்தை என் சொந்த கராஜில் கேட்ட அந்த நிமிடம் எனக்கு மறக்காது.

இப்போது பிரச்சினைகள். ஐடிலில் லேசாக நடுங்குகிறது. இன்ஜின் விளக்கு எரிகிறது, ஸ்கேனரில் பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகள் இரண்டும் சேர்ந்து வருகின்றன. 3000 ஆர்.பி.எம். வரை இழுவை மந்தம், அதற்கு மேலே போனால் நன்றாகவே இழுக்கிறது. முதல் கியரில் கிளட்சை விடும்போது பின்பக்கம் ஒரு ‘டொக்’. வேகமாகப் போகும்போது பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது.

என் திட்டம்: காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்-டேம்பர்), எல்லா இடத்திலும் ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் உறை), கோல்டு ஏர் இன்டேக் (திறந்த ஏர் ஃபில்ட்டர்), அப்புறம் ஈ.சி.யூ. ட்யூன் (இன்ஜின் கணினியின் மென்பொருள் மாற்றம்). என்னிடம் டிராலி ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, டார்க் ரெஞ்ச், வார இறுதிகள் இருக்கின்றன. வெல்டிங் தெரியாது. எந்த வரிசையில் செய்வது நல்லது?

நேர்வரிசை_ஆறு:

தம்பி, வாழ்த்துகள். காயில்ஓவரை இன்னும் ஆர்டர் செய்யவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். இந்த வண்டியை நான் பதினோரு வருடமாக வைத்திருக்கிறேன், முதலில் கை வைக்க வேண்டிய இடம் கூலிங்தான். மற்ற எது பழுதானாலும் வண்டி ஓரமாக நிற்கும், அவ்வளவுதான். கூலிங் போனால் இன்ஜினே போய்விடும். இந்த வண்டியின் எம்54 இன்ஜினில் பிளாக் அலுமினியம், ஒரு தடவை நன்றாகச் சூடேறிவிட்டால் ஹெட் போல்ட் பிடித்திருக்கும் திருகு மரைகள் பிளாக்கிலிருந்து உருவிக்கொண்டு வரும், அதற்குப் பிறகு வெறும் ஹெட் கேஸ்கெட் வேலையோடு முடியாது.

டாஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை நம்ப வேண்டாம். சுமார் 75 டிகிரியிலிருந்து 115 டிகிரி வரை அது நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். முள் நகர்வதைப் பார்த்து நீங்கள் இன்ஜினை அணைக்கும்போது பல நேரம் காலம் கடந்திருக்கும். ஸ்கேனர் இருக்கிறதே, அதில் கூலன்ட் வெப்பநிலையை நேரடியாகப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் 97 டிகிரியில் திறப்பது, அதனால் நூறை ஒட்டிக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

எக்ஸ்பான்ஷன் டேங்க், அதன் மூடி, ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ்கள், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பெல்ட், பெல்ட் புல்லிகள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். டேங்கும் ரேடியேட்டர் கழுத்தும் பிளாஸ்டிக், இருபது வருடச் சூட்டில் அது பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். பம்பில் உலோக இம்பெல்லர் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் வண்டியில் பெல்ட்டால் ஓடும் ஃபேன் இருந்தால் அதன் 32 மி.மீ. நட்டின் மரை எதிர்த்திசை, வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் சுத்தியலை எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கூலன்ட் நிரப்பும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், ஹீட்டர் முழுச் சூட்டில், காற்று மிகக் குறைந்த வேகத்தில். காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள், குமிழி நின்று ஒழுங்கான நீரோட்டம் வந்த பிறகு மூடுங்கள். அந்த ஸ்க்ரூவும் பிளாஸ்டிக்தான், கை இறுக்கம் போதும்.

அடுத்தது ஸ்கேனரில் வந்த அந்த இரண்டு குறியீடுகள். இது நேர்வரிசை இன்ஜின் என்றாலும் முன் மூன்று சிலிண்டருக்கு ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின் மூன்றுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பெட்ரோல் குறைவு என்று சொல்கின்றன என்றால் பொதுவான ஓர் இடத்தில் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஏர்ஃப்ளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றி மடிப்புகளை விரித்துப் பாருங்கள், வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம்தான் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அப்புறம் சி.சி.வி. எனப்படும், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் கிராங்க்கேஸ் வென்ட்டிலேஷன் வால்வும் அதன் ஹோஸ்களும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியைத் திறக்க முயன்று பாருங்கள், மூடியை உள்ளே பலமாக இழுத்துப் பிடித்தால் வால்வின் டயஃப்ரம் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

டீசா வால்வையும் வெளியே எடுத்துப் பார்த்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போட வேண்டாம். இன்டேக் மேனிஃபோல்டின் பக்கவாட்டில் இரண்டே போல்ட்டில் நிற்கும் பாகம், உள்ளே காற்றுப் பாதையை மாற்றும் ஒரு மடல். அது ஆட்டம் கண்டு உடைந்தால் துண்டுகளும் அதன் உலோக ஊசியும் நேராக சிலிண்டருக்குள்தான் போகும்.

3000 வரை மந்தம் என்பது வேனோஸ் (கேம் ஷாஃப்ட் நேரத்தை மாற்றும் அமைப்பு) சீலாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் காலப்போக்கில் இறுகிவிடுகின்றன, கேம் நேரம் ஒழுங்காக மாறுவதில்லை. ஆனால் காற்றுக் கசிவை முதலில் சரிசெய்யுங்கள், அதுவும் இதே மாதிரி மந்தத்தைக் கொடுக்கும்.

தகரமும்_தீப்பொறியும்:

அந்த ‘டொக்’ பற்றி மட்டும் சொல்கிறேன்.

இ46-ன் பின் சப்ஃப்ரேம், அதாவது பின் சஸ்பென்ஷனையும் டிஃபரன்ஷியலையும் (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) தாங்கும் சட்டம், நான்கு இடங்களில் தரைத் தகட்டோடு போல்ட் போட்டு நிற்கிறது. அந்தத் தகடு மெல்லியது, ஸ்பாட் வெல்டுகளை நம்பி நிற்பது. ஒவ்வொரு தடவை கிளட்ச் பிடிக்கும்போதும் விடும்போதும் டிஃபரன்ஷியல் முறுக்கும் விசை எல்லாம் அங்கே போய்ச் சேருகிறது. புஷ் தேய்ந்திருந்தால் அது இழுக்கிற விசையாக இல்லாமல் அடிக்கிற விசையாகிவிடும். வருடக்கணக்கில் அப்படி அடிபட்டுத் தகட்டில் வெடிப்பு விழுவது இந்த மாடலில் நன்றாக அறியப்பட்ட விஷயம். வெடிப்பு இருக்கும் தகட்டின் மீது இறுக்கமான புஷ்ஷும் காயில்ஓவரும் போட்டால் வெடிப்பு இன்னும் வேகமாக ஓடும். அதனால் சஸ்பென்ஷனுக்கு எதை ஆர்டர் செய்வதற்கு முன்பும் அங்கே ஒரு தடவை பாருங்கள்.

கண்ணால் மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. மேலே தடிமனாக சீலர் பூசியிருப்பார்கள், அதற்கு அடியில் வெடிப்பு ஒளிந்திருக்கும். சைலன்சரை இறக்கி, சப்ஃப்ரேமைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கீழிறக்கி, நான்கு இடத்திலும் சீலரைச் சுரண்டி, துடைத்து, நல்ல விளக்கு வைத்துப் பாருங்கள். வண்டி ஸ்டாண்டில் உறுதியாக நிற்கிறதா என்று தள்ளிப் பார்த்த பிறகே அடியில் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

வெடிப்பு இருந்தால் அதை நீங்கள் செய்ய வேண்டாம். வெடிப்பின் நுனியில் துளை போட்டு ஓட்டத்தை நிறுத்தி, வெல்டு செய்து, அதன் மேல் வலுவூட்டும் தகடு வைத்து மறுபடி வெல்டு செய்து, சீலர் பூசி, உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்குக் கீழே, அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டேங்கை இறக்காமல் அங்கே வெல்டிங் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

எல்லா ‘டொக்’கும் வெடிப்பு இல்லை. கியர்பாக்ஸுக்கும் ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் வட்டு, அதுதான் கிபோ, அது பிளந்தாலும் இதே சத்தம் வரும். டிஃபரன்ஷியல் புஷ்ஷும் அப்படித்தான்.

மாலை_ஸ்பேனர்:

அண்ணா, நன்றி, இரண்டு பேருக்கும். ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கூலிங் முழுவதும் மாற்றியாகிவிட்டது. நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது, பழைய டேங்கை வெளியே எடுக்கும்போதே அதன் கழுத்து என் கையோடு வந்துவிட்டது. இதற்கு முன் வண்டியைப் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் யாரோ ப்ளீட் ஸ்க்ரூவின் மரையை நாசம் செய்துவிட்டுப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாங்கும்போதே மாற்றியிருப்பேன்.

ரப்பர் குழாயில் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. சி.சி.வி. ஹோஸ் ஒன்று தொட்டதும் நொறுங்கியது. டீசா மடல் ஆடியது, ஆனால் ஊசி உள்ளேயே இருந்தது, புதிது போட்டுவிட்டேன். இப்போது ஐடில் ஆடாமல் நிற்கிறது, இரண்டு குறியீடுகளும் திரும்ப வரவில்லை. கீழ் இழுவை பாதி திரும்பியது, மீதிக்கு வேனோஸ் சீல் இந்த வாரம் போடுகிறேன்.

பின்னால் சுரண்டிப் பார்த்தேன். மூன்று இடம் சுத்தம். முன் இடது மவுண்டில் மட்டும் தலைமுடி அகலத்தில் ஒரு கோடு, ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். கிபோவும் பிளந்திருந்தது. டேங்கை நானே இறக்கிக் கொடுத்தேன், வெல்டர் நான்கு இடத்துக்கும் தகடு வைத்து முடித்துவிட்டார். இப்போது ‘டொக்’ இல்லை.

சரி, இனி காயில்ஓவர், பாலியூரித்தேன் பற்றிப் பேசலாமா?

வளைவு_விரும்பி:

பேசலாம். நான் ட்ராக்கில் ஓட்டுகிறவன், இறுக்கமான சஸ்பென்ஷன் எனக்குப் பிடிக்கும், ஆனாலும் தினமும் ஓட்டும் செடானில் எல்லா இடத்திலும் பாலியூரித்தேன் என்பதை ஏற்க மாட்டேன்.

காரணம் பின் ட்ரெய்லிங் ஆர்ம், பின் சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் நீளக் கை. அது மேலும் கீழும் மட்டும் போவதில்லை, போகும்போதே முறுக்கிக்கொண்டு உள்ளும் வெளியும் நகர்கிறது. ரப்பர் அந்த முறுக்கத்துக்கு வளைந்து கொடுக்கும். கெட்டியான பாலியூரித்தேன் கொடுக்காது, ஆர்ம் இறுகிக்கொள்ளும், மேடு பள்ளத்தில் பின் சக்கரம் தத்தும். அங்கே புது ரப்பர் புஷ், இரண்டு பக்கமும் அது பக்கவாட்டில் ஆடாமல் தடுக்கும் லிமிட்டர் வாஷர், அது போதும். நான் ட்ராக்கிலும் அதைத்தான் வைத்திருக்கிறேன். சப்ஃப்ரேமுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் புது ரப்பர்.

பிரேக்கில் ஸ்டீயரிங் நடுங்குவதற்கு டிஸ்க்கைப் பழி சொல்வதற்கு முன்னால், முன்பக்கக் கன்ட்ரோல் ஆர்மின் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) பின்பக்கப் புஷ்ஷைப் பாருங்கள், அது கிழிந்திருந்தால் லேசான அதிர்வும் ஸ்டீயரிங்குக்குப் பெரிதாகப் போகும். போடும்போது கிரீஸ் வேண்டாம், சோப்புத் தண்ணீர் மட்டும். உள்ளே தள்ளியதும் தாமதிக்காமல் வண்டியைச் சக்கரத்தில் இறக்கிவிடுங்கள், காய்ந்தால் எந்த நிலையில் இருக்கிறதோ அப்படியே ஒட்டிக்கொள்ளும். தொங்கும் நிலையில் ஒட்டிக்கொண்டால் வண்டி கீழே இறங்கியதிலிருந்தே புஷ் முறுக்கிய நிலையில் இருக்கும், சீக்கிரம் கிழியும். பின் ஆர்ம் போல்ட்டுகளையும் வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். ட்ரெய்லிங் ஆர்ம் மட்டும் வேறு, பிராக்கெட்டைப் பாடியில் மாட்டிய பிறகு அந்த போல்ட்டுக்குக் கை போகாது, அதனால் கழற்றும் முன்பே பிராக்கெட் ஆர்மோடு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கோடு போட்டு வைத்துக்கொண்டு அதே கோணத்தில் இறுக்கி மாட்டுங்கள்.

காயில்ஓவருக்குப் பதிலாக பில்ஸ்டைன் பி6 டேம்பர் (ஷாக் அப்சார்பர்), ஸ்டாக் உயரத்து ஸ்ப்ரிங். தாழ்த்தியே ஆக வேண்டும் என்றால் பி8, அது குட்டை ஸ்ப்ரிங்குக்காகவே செய்தது. மேல் மவுண்டுகளைப் புதிதாகப் போடுங்கள். முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

டயரையும் பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். மூன்று வருடம் நின்ற வண்டி, பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும்.

நேர்வரிசை_ஆறு:

இன்டேக், ட்யூன் பற்றிச் சுருக்கமாக. இந்த இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 231 குதிரைத்திறன், 3500 ஆர்.பி.எம்.மில் 300 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத இன்ஜினில் ட்யூன் போட்டு எடுக்க மீதி அதிகம் இல்லை. திறந்த ஃபில்ட்டர் சத்தம் தரும், கூடவே இன்ஜின் அறையின் சூடான காற்றையும் உள்ளே இழுக்கும். ஸ்டாக் ஏர்பாக்ஸை வைத்துக்கொண்டு புது ஃபில்ட்டர் போடுங்கள். அந்தப் பணத்தை பில்ஸ்டைனுக்கும் டயருக்கும் கொடுங்கள், ஒவ்வொரு வளைவிலும் வித்தியாசம் தெரியும்.

வேனோஸைத் திறக்கும்போது வால்வ் கவர் கேஸ்கெட்டையும் மாற்றிவிடுங்கள், எப்படியும் கழற்றுகிறீர்கள். ஆயில் ஃபில்ட்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் கசிந்துகொண்டிருக்கும், அது பெல்ட் மேலேயே சொட்டும், புது பெல்ட் வீணாகும்.

மாலை_ஸ்பேனர்:

வேனோஸ் சீல் போட்டாகிவிட்டது. பழைய வளையத்தை நகத்தால் அழுத்தினேன், பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. இப்போது நான்காவது கியரில் 1500-லிருந்தே தயங்காமல் எழுகிறது. இதுதான் அந்த இன்ஜினா என்று இரண்டு தடவை அதே சாலையில் போய் வந்தேன்.

ஹவுசிங் கேஸ்கெட்டில் கசிவு இருந்தது, பெல்ட்டின் ஓரம் ஏற்கெனவே நனைந்திருக்கிறது, இரண்டையும் மாற்றுகிறேன். காயில்ஓவர் பட்டியலை அழித்துவிட்டேன். பி6, புது மவுண்டுகள், முன் புஷ், ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்ஷும் லிமிட்டரும் ஆர்டர் போட்டாயிற்று. டயரில் 1113 என்று இருந்தது, அதனால் டயரும்.

வளைவு_விரும்பி அண்ணா, அந்த ட்ரெய்லிங் ஆர்ம் புஷ்ஷைப் பழைய வளையத்திலிருந்து வெளியே தள்ள வாடகைக்குக் கருவி எடுப்பதா, இல்லை நீளமான போல்ட்டும் சாக்கெட்டும் வைத்து நானே இழுத்துவிடலாமா?

வளைவு_விரும்பி:

நீளப் போல்ட், இரண்டு தடித்த வாஷர், வெளியே வர இடம் விடும் அளவில் ஒரு குழாய்த் துண்டு, இவை போதும், நான் அப்படித்தான் செய்தேன். போல்ட் உயர்தரமாக இருக்கட்டும், மரைக்குக் கிரீஸ் போடுங்கள். புதிதை உள்ளே இழுக்கும்போது கோணலாகப் போக ஆரம்பித்தால் உடனே நிறுத்தி வெளியே எடுத்து மறுபடி நேராக வையுங்கள். கோடு போட மறக்காதீர்கள்.