தூக்கும்போது கழுத்தைக் கொடுக்காதீர்கள்

பிசியோ
நோயாளியை வீட்டில் பார்ப்பவர் தன் முதுகைக் காப்பது எப்படி என்பதுதானே கேள்வி. நான் பார்த்த ஒருவர், பக்கவாதம் வந்தவர். வீல்சேருக்கு மாற்றும்போது மகளின் கழுத்தைச் சுற்றி விரல்களைக் கோத்துக்கொண்டார். பாதி எழுந்ததும் முழங்கால் மடங்கியது. முழு எடையும் அந்தப் பெண்ணின் கழுத்தில். கோத்த விரலைப் பிரிக்கவே முடியவில்லை.

கழுத்தைக் கொடுக்கவே கூடாது. வீல்சேர் அவருடைய நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சற்றுச் சாய்வாக. பிரேக் போட்டு, ஃபுட்ரெஸ்ட்டை விலக்குங்கள். அவரை விளிம்புக்கு நகர்த்தி, பாதங்கள் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் தரையில் படியட்டும். அவர் இடுப்பில் பெல்ட், உங்கள் பிடி அதில்தான், அக்குளில் அல்ல. செயலிழந்த தோளை இழுத்தால் மூட்டு நழுவும். மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாயச் சொல்லுங்கள். சாயாதவரை எழுப்புவது வெறும் தூக்கல். பயிற்சி பெற்ற பணியாளர்களுக்கே நோயாளியைத் தூக்க 35 பவுண்டுதான், சுமார் 16 கிலோ, எல்லை என்கிறது நியோஷ் (அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம்).

இரவு நர்ஸ்
பெல்ட் பகலுக்குச் சரி. ஆனால் உங்கள் இடுப்பு போவது இரவில், டயப்பர் மாற்றக் குனிந்தே நிற்கும்போது. கட்டிலை உங்கள் இடுப்பளவு உயர்த்துங்கள். உயராத கட்டிலா? ஒரு முழங்காலை மெத்தையில் ஊன்றுங்கள். புரட்டும்முன் எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, அந்தக் கையை மார்பின்மேல் வைத்து, உங்களை நோக்கி உருட்டுங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாக வர வேண்டும்.

மூன்றாம் ஷிப்ட்
இருவரும் முதுகோடு நின்றுவிட்டீர்கள். தூக்கம்? படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்க 2 மணி நேரத்துக்கொரு முறை அலாரம் வைத்து எழுகிறவர் ஒரு வாரத்தில் மாத்திரையையே மாற்றிக் கொடுப்பார். அழுத்தம் குறைக்கும் மெத்தை இருந்து தோலும் நன்றாக இருந்தால், இரவு இடைவெளியை 4 மணி நேரமாக்கலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள். தோலைப் பார்ப்பது இப்படி: சிவந்த இடத்தை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது, இடைவெளியைக் கூட்டாதீர்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, புறங்கையால் சூட்டையும் இறுக்கத்தையும் பாருங்கள். வீட்டில் இருவர் இருந்தால் மாறி மாறி எழுவது வீண், இருவருமே தூங்குவதில்லை. இரவை இரண்டாக வெட்டுங்கள்: 10 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 6 வரை மற்றவர். தூங்குகிறவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

பிசியோ
முதுகைப் பற்றித்தானே இழை. இருந்தாலும் ஒன்று: கடைசியாகப் புரட்டிய நேரம், எந்தப் பக்கம் என்று கட்டிலருகே எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அதைக் கேட்கவே அடுத்தவர் எழுப்புவார்.