புளியங்கொட்டைத் தோல் கலந்த மாட்டுத் தீவனம்: உங்கள் கட்டுத்தறியில் எடுபடுமா?

தவிட்டுக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கால்நடை ஊட்டச்சத்துப் பிரிவில் ஆராய்ச்சி மாணவி நான், இது இரண்டாம் வருடம். கறவை மாட்டின் ஏப்பத்தில் போகிற மீத்தேனைக் குறைக்க, வெளிநாட்டு மருந்து இல்லாமல், நம் ஊரிலேயே வீணாகக் கிடக்கிற பொருள் எதையாவது தீவனத்தில் சேர்க்க முடியுமா என்பதுதான் என் வேலை. கையில் எடுத்திருப்பது புளியங்கொட்டைத் தோல். கொட்டை மாவு அரைக்கிற மில்களில் பருப்பை எடுத்துக்கொண்டு தோலைக் கழித்துவிடுகிறார்கள். அதில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: மாட்டின் முதல் வயிற்றில் சோளத்தட்டும் வைக்கோலும் புளிக்கும்போது ஹைட்ரஜன் மிஞ்சுகிறது. அதையும் கரியமில வாயுவையும் சேர்த்து மீத்தேன் ஆக்கிப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் அங்கேயே இருக்கின்றன. மாடு தின்ற ஆற்றலில் நூற்றுக்கு ஆறேழு பங்கு இப்படி ஏப்பமாகப் போய்விடுகிறது. டானின் அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் அடக்கும். பெங்களூருவில் இருக்கும் மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் டானின் உள்ள தாவரப் பொருட்களை வைத்து ‘ஹரித் தாரா’ என்று ஒன்றைச் செய்தது, 2021-இல் செய்தியில் வந்தது. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 500 கிராம் கொடுத்தால் மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையும் என்றார்கள். அதனால் எண்ணம் புதிதில்லை, நம் ஊர்த் தீவனத்தோடு எப்படிப் பொருந்தும் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

இதுவரை எல்லாம் ஆய்வகத்தில். விடியற்காலை நாலு மணிக்கு இறைச்சிக்கூடத்துக்குப் போய், மாட்டு வயிற்றுச் சாற்றைச் சூடு ஆறாமல் பிளாஸ்கில் பிடித்துவந்து, பொடித்த தீவனத்தோடு கண்ணாடிச் சிரிஞ்சில் அடைத்து, 39 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து எவ்வளவு வாயு வருகிறது என்று அளப்போம். (அந்தப் பிளாஸ்கோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்கார மாட்டார்கள்.) தோல் சேர்த்த சிரிஞ்சில் வாயு குறைகிறது. எனக்கு ஒரே சந்தோஷம்.

போன மாதம் ஒரு விவசாயிகள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து, “பால் ஏறுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன். நீங்கள் இப்போது என்ன போடுகிறீர்கள், இப்படி ஒரு பொருளை எந்த வடிவத்தில் கொடுத்தால் வாங்குவீர்கள், அல்லது வாங்கவே மாட்டீர்களா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கட்டுத்தறிக்காரன் எழுதியது:

அம்மிணி, அந்தப் பெரியவர் கேட்டதுதான் எங்கள் எல்லோருடைய கேள்வியும். நான் கோபிசெட்டிபாளையம் பக்கம், ஏழு கறவை. சோளத்தட்டு, கோ-4 என்கிற தீவனப் புல், கொஞ்சம் வேலிமசால் (பயறு வகைப் பசுந்தீவனம்), கறக்கிற நேரத்தில் மக்காச்சோள மாவு, புண்ணாக்கு, கோதுமைத் தவிடு, தாது உப்பு. இதுதான் என் கணக்கு, மூட்டை விலை ஏறினால் தவிடு குறையும், புல் கூடும்.

புதுத் தீவனம் என்று சொன்னாலே எனக்குக் கொஞ்சம் உதறல், ஏனென்றால் இரண்டு தடவை சூடு பட்டிருக்கிறேன். முதலில் அசோலா, தண்ணீரில் மிதந்து வளர்கிற குட்டிச் செடி. தார்ப்பாய் விரித்துக் குழி போட்டு, சாணி கரைத்து ஊற்றி, தினமும் மாட்டுக்கு 2 கிலோ அள்ளிப் போட்டேன். புரதம் 25 சதவீதம் என்று எல்லா நோட்டீஸிலும் இருந்தது. ஆறு மாதம் கழித்து என் மச்சினன் மகன் கணக்குப் போட்டுக் காட்டினான்: அந்த 25 சதவீதம் காய்ந்த அசோலாவில். பச்சையில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். 2 கிலோவைக் காயவைத்தால் 120 கிராம், அதில் புரதம் 30 கிராம். அது எழுபது எழுபத்தைந்து கிராம் கடலைப் புண்ணாக்கில் வந்துவிடும், ஒரு கைப்பிடி! இதற்கு வெயிலில் குனிந்து அள்ளி, சாணி நாற்றம் போக மூன்று தண்ணீரில் அலசியது என் வீட்டுக்காரம்மா. அவளிடம் இன்றுவரை இந்தக் கணக்கைச் சொல்லவில்லை.

இரண்டாவது, மண் இல்லாமல் தட்டில் மக்காச்சோளம் முளைக்க வைக்கிறது. ஒரு கம்பெனிக்காரன் வந்து 1 கிலோ விதை 6 கிலோ பசுந்தீவனம் ஆகும் என்றான். ஆகத்தான் செய்தது. ஆனால் 1 கிலோ மக்காச்சோள விதையில் காய்ந்த சரக்கு 880 கிராம் இருக்கிறது, முளைத்த 6 கிலோவில் 780 கிராம்தான். எட்டு நாள் தண்ணீர் தெளித்து, கரண்ட் செலவழித்து, இருந்த தீவனத்தில் 100 கிராமைத் தொலைத்திருக்கிறேன். அந்த ஸ்டாண்டில் இப்போது வெங்காயம் காய்கிறது.

ஆக, எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றே கேள்விக்குப் பதில். காய்ந்த எடையில் எவ்வளவு? ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு செலவு ஏறும் அல்லது இறங்கும்? வேலை யாருக்கு? மீத்தேன் பூமிக்குக் கெடுதல் என்பது புரிகிறது, ஆனால் பால் சொசைட்டியில் எனக்கு மீத்தேனுக்குக் காசு கொடுப்பதில்லை, பாலின் டிகிரி (கெட்டித்தன்மை) பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

பழைய ஊசி எழுதியது:

முப்பது வருடம் கிராமத்து மாட்டாஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவன். மேலே கட்டுத்தறிக்காரர் போட்ட கணக்கு சரி, எல்லாப் பசுந்தீவன விளம்பரத்தையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

மகளே, உன் சிரிஞ்சைப் பற்றி ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. வாயு குறைந்தது என்கிறாய். மீத்தேன் மட்டும் குறைந்ததா, இல்லை செரிமானமே படுத்துவிட்டதால் எல்லா வாயுவும் குறைந்ததா? டானின் அளவு மீறினால் இரண்டாவதுதான் நடக்கும். சிரிஞ்சில் போட்ட தீவனம் எவ்வளவு செரித்தது என்றும் பார்த்தாயா? தின்கிற காய்ந்த தீவனத்தில் டானின் 5 சதவீதத்தைத் தாண்டினால் மாடு தொட்டியை முகர்ந்துவிட்டு நின்றுவிடும், சாணியில் நார் செரிக்காமல் வரும். அப்போது மீத்தேனும் குறையும், பாலும் குறையும். பட்டினி போட்டால்கூட மீத்தேன் குறையும்.

இன்னொன்று முக்கியம். டானின் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். புண்ணாக்கு தின்கிற மாட்டுக்கு அது ஒரு வகையில் நல்லது, புரதம் முதல் வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்ச் சேரும். ஆனால் வெறும் நெல் வைக்கோலில் நிற்கிற மாட்டை யோசி. வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம். வயிற்றில் நுண்ணுயிர் ஒழுங்காக வேலை செய்யவே தீவனத்தில் 7 சதவீதம் வேண்டும். இருக்கிற கொஞ்சத்தையும் உன் தோல் கட்டிப்போட்டால் அந்த மாடு என்ன ஆகும்?

வைக்கோலுக்கு யூரியா தெளித்து மூட்டம் போடும் முறையை நாங்கள் ஊர் ஊராகச் சொன்னோம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 முதல் 65 லிட்டர் தண்ணீர், காற்றுப் புகாமல் 21 நாள். அறிவியலில் ஒரு குறையும் இல்லை. செய்து காட்டிய அன்று கைதட்டுவார்கள், அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் ஒருவர் வீட்டிலும் இருக்காது. தண்ணீர் சுமக்க ஆள் இல்லை, யூரியா என்றால் பயம், ஒரு ஊரில் யாரோ கரைத்து வைத்த தண்ணீரை மாடு குடித்து இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது, அதோடு அந்த ஒன்றியத்திலேயே பேச்சு முடிந்தது. நீயும் அதைக் கற்றுக்கொண்டு ஆரம்பி.

கடலோரப் பையன் எழுதியது:

கடல்பாசி போட்டால் மீத்தேன் 80 சதவீதம் குறையும் என்று படித்தேனே, ராமேஸ்வரம் பக்கமே பாசி வளர்க்கிறார்கள், அதை விட்டுவிட்டு ஏன் புளியங்கொட்டை?

ரெண்டு மாட்டுக்காரி எழுதியது:

தங்கச்சி, நான் கீழ்பென்னாத்தூர் பக்கம். இரண்டு மாடு, ஒன்று கறவை, ஒன்று சினை. நிலம் இல்லை. வைக்கோல் கட்டு விலைக்கு வாங்குகிறேன், வரப்பில் புல் அறுத்து வருவேன், கழனித்தண்ணியில் தவிடு, எப்போதாவது அகத்தி. ஐயா சொன்ன “வெறும் வைக்கோலில் நிற்கிற மாடு” என் மாடுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் பாட்டி புளியங்கொட்டை மாட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். வறுத்து, உரலில் போட்டு லேசாக இடித்துத் தோலைப் புடைத்துத் தள்ளிவிட்டு, பருப்பை ஊறவைத்து வேகவைத்துப் போடுவாள். தோல் உள்ளே போனால் மாட்டுக்கு வயிறு கட்டிக்கொள்ளும் என்பாள். பாட்டி தூக்கிப் போட்டதை நீங்கள் போடச் சொல்கிறீர்கள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக எடுக்காதீர்கள்.

தராசு என்னிடம் இல்லை. படிக்கணக்கு, கைக்கணக்குதான். 250 கிராம் போடு என்றால் நான் ஒரு டம்ளர் போடுவேன், என் பையன் போட்டால் இரண்டு டம்ளர். அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தவிட்டுக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, மூன்று நாள் பதில் போடாததற்குக் காரணம் நோட்டை எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா, நீங்கள் கேட்டது எங்கே வலிக்குமோ அங்கேயே பட்டது. செரித்த அளவையும் பார்த்திருக்கிறேன், ஆனால் வாயுவோடு சேர்த்துப் படிக்கவில்லை. தோல் அதிகம் போட்ட சிரிஞ்சில் செரிமானமும் இறங்கியிருக்கிறது. குறைந்த அளவில்தான் மீத்தேன் மட்டும் தனியாகக் குறைகிறது. என் சந்தோஷத்தில் பாதி போய்விட்டது.

அண்ணா, “பால் ஏறுமா” கணக்கைப் போட்டேன். ஒரு கலப்பினக் கறவை நாளைக்குச் சுமார் 200 கிராம் மீத்தேன் விடுகிறது என்று வையுங்கள். அதில் 20 சதவீதம் மிச்சம் பிடித்தால் 40 கிராம், ஆற்றலில் ஏறக்குறைய 530 கிலோகலோரி. ஒரு லிட்டர் பாலில் இருப்பது 740, 750. சொட்டு விடாமல் எல்லாம் பாலாகவே மாறினாலும் முக்கால் லிட்டரைத் தொடாது, மாட்டின் உடம்பில் அப்படி முழுசாக மாறவும் மாறாது. அந்தப் பெரியவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்: பால் ஏறும் என்று நம்பி வாங்காதீர்கள்.

கடல்பாசி கேட்ட தம்பிக்கு: அந்த 80 சதவீதம் கலிஃபோர்னியாவில் கறிக்காக வளர்க்கும் காளைகளில், 2021-இல் வந்த ஆய்வு. அந்தப் பாசி அஸ்பராகாப்சிஸ், ராமேஸ்வரத்தில் வளர்ப்பது கப்பாஃபைகஸ், இரண்டும் வேறு. ஐரோப்பாவில் 2022-இல் அனுமதித்த பொவேர் என்ற மருந்தும் இருக்கிறது, கறவையில் சுமார் 30 சதவீதம் குறைக்கிறது. ஆனால் அங்கே புல், தானியம், மருந்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து நாள் முழுக்க முன்னால் கொட்டி வைக்கிறார்கள், ஒவ்வொரு வாயிலும் மருந்து போகும். நாம் மாவு, புண்ணாக்கு, தவிடு சேர்ந்த அடர்தீவனத்தைக் கறக்கும்போது இரண்டு வேளை வைக்கிறோம், நடுவில் சோளத்தட்டு. அப்படி வைத்தால் அதன் வேலை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அக்கா, உங்கள் பாட்டி செய்தது சரிதான், வைக்கோல் மாட்டுக்குத் தோல் ஆகாது. உங்கள் மாட்டுக்கு என் பொருள் வேண்டவே வேண்டாம். அகத்தியை எப்போதாவது என்பதை வாரத்தில் நாலு நாள் ஆக்க முடிந்தால், இல்லை ஒரு பிடி புண்ணாக்கும் தாது உப்பும் சேர்க்க முடிந்தால், பால் ஏற வழி இருக்கிறது. 200 கிராம் மீத்தேன் விடுகிற மாடு 5 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 40 கிராம். நன்றாகத் தின்று 240 கிராம் விட்டு 10 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 24. உங்கள் விஷயத்தில் அதுவே பெரிய குறைப்பு.

எனவே திட்டத்தை மாற்றிக்கொண்டேன். தோலைத் தனிப் பொடியாகத் தராமல், அளந்து அடர்தீவனக் குருணையிலேயே சேர்த்து, புண்ணாக்கு தின்கிற மாட்டுக்கு மட்டும். டம்ளர் பிரச்சினையும் தீரும். அண்ணா, உங்கள் மாட்டில் நாலை, மூன்று வாரம் இதோடும் மூன்று வாரம் இல்லாமலும் பார்க்க விடுவீர்களா? தினமும் எடை போட்டு எழுதுவது என் வேலை, வீட்டு அக்காவுக்கு ஒரு வேலையும் வைக்க மாட்டேன். பால் குறைந்தால் அந்த லிட்டருக்கு உங்களுக்குப் பணம் தருவதற்கு வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். கல்லூரியில் முறைப்படி அனுமதி வாங்கிய பிறகுதான் வருவேன்.

கட்டுத்தறிக்காரன் எழுதியது:

பால் ஏறாது என்று நீங்களே சொன்ன பிறகுதான் அம்மிணி, எனக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்தது. நாலு மாடு தருகிறேன், எல்லாம் ஈன்று இரண்டு மூன்று மாதம் ஆனது. செவலையை மட்டும் சேர்க்காதீர்கள், அது புதுசாக எது வைத்தாலும் முகர்ந்துவிட்டுத் தொட்டியை முட்டித் தள்ளும், உங்கள் கணக்கு கெட்டுவிடும். காலையில் ஐந்து மணிக்குப் பீச்ச ஆரம்பிப்போம், அதற்கு முன்னால் வந்தால்தான் எடை போட முடியும். தராசு இருக்கிறது, மஞ்சள் எடை போடுகிறது. பிளாஸ்கைக் கொண்டுவராதீர்கள்.

பழைய ஊசி எழுதியது:

சாணியையும் தினம் பார்த்து எழுது. தொட்டியில் மிச்சம் வைத்ததை எடை போட மறந்துவிடாதே, எல்லோரும் அதைத்தான் மறப்பார்கள்.