கிளப் கூட்டத்துக்குப் போவதால் புதியவருக்கு என்ன கிடைக்கும்?

புதுஅலை:

ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. டூ மீட்டர் பேண்டில் பேசும் ஹேண்டி (கையடக்க செட்) ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளூர் கிளப்பில் சேர்ந்து மாதக் கூட்டத்துக்கும் போய் வந்தேன். போன கூட்டத்தின் குறிப்புகளை வாசித்தார்கள், வரவு செலவு சொன்னார்கள், ரிப்பீட்டரின் (நம் சிக்னலை வாங்கி உயரத்திலிருந்து மறுபடி அனுப்பும் நிலையம்) ட்யூப்ளெக்ஸர் என்ற வடிகட்டியைச் சரிசெய்வது பற்றி நீண்ட பேச்சு நடந்தது. அங்கே எல்லோரும் பல வருடப் பழக்கம். நான் ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். வானொலியில் எல்லோரும் முறைவைத்துப் பேசும் வாராந்திர நெட்டைத் தவறாமல் கேட்கிறேன், ஆனால் பேசுவதற்கான பிடிடி பொத்தானை அழுத்தத் தைரியம் வரவில்லை.

நண்பர் ஒருவர், "எதுக்கு இதெல்லாம்? ஹெச்எஃப் (சிற்றலை) செட்டோடு கம்ப்யூட்டரை இணைச்சு எஃப்டி8-ங்கிற டிஜிட்டல் முறையைப் போட்டா வீட்டிலிருந்தே உலகம் முழுக்கத் தொடர்பு கிடைக்குமே" என்கிறார். கூட்டத்துக்குத் தொடர்ந்து போகலாமா? போனால் நான் என்ன செய்ய வேண்டும்?

கம்பிச்சுருள்:

நண்பர் சொல்வதில் தப்பில்லை. 2017-ல் எஃப்டி8 வந்த பிறகு, சின்ன ஆன்டெனாவும் குறைந்த பவரும் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் கண்டம் தாண்டித் தொடர்பு போடுகிறார்கள். இரண்டையும் செய்யுங்கள். கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னதாகப் போங்கள், முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். விஷயம் தெரிந்த பேச்சு அந்த நேரத்தில்தான் நடக்கும்.

நெட்கன்ட்ரோல்:

எங்கள் கிளப்பின் வாராந்திர நெட்டை நடத்துபவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களைப் போல அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களை நினைத்துத்தான் ஒவ்வொரு வாரமும் "புதியவர்கள் யாராவது?" என்று கேட்டுவிட்டு வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருப்பேன்.

கிளப் எதற்கு என்றால், நம் சிக்னல் எப்படிப் போகிறது என்று நமக்கே கேட்காது. அதைக் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். எஃப்டி8 ஒரு டெசிபல் எண்ணைத் தரும், அதுவும் பயனுள்ளதுதான். ஆனால் நீங்கள் பேசுவது எப்படிக் கேட்கிறது என்பதை அது சொல்லாது. மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக் கத்துகிறீர்களா, முதல் எழுத்து வெட்டுப்படுகிறதா, பேட்டரி இறங்கிப் பேச்சு நடுவில் அறுகிறதா, இதையெல்லாம் எதிர்ப்பக்கம் இருப்பவர்தான் சொல்ல முடியும். முகம் தெரிந்தவரிடம் கேட்பது சுலபம். கூட்டத்துக்குப் போவது அதற்காகவும்தான்.

நெட்டில் முதல் செக்-இன் (வந்திருக்கிறேன் என்று பதிவு செய்வது) பற்றி: முதலில் ஹேண்டியில் ரிப்பீட்டரின் ஆஃப்செட்டும் (அனுப்பும், கேட்கும் அதிர்வெண்களின் இடைவெளி) டோனும் (ரிப்பீட்டரைத் திறக்கும் மெல்லிய ஒலி) சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். டோன் தேவைப்படும் ரிப்பீட்டரில் அது இல்லாமல் போனால் நீங்கள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் உள்ளே போகாது. பிடிடியை அழுத்தியதும் ஒரு வினாடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். ரிப்பீட்டர் திறக்கச் சற்று நேரம் எடுக்கும். கால் சைனை (உரிமத்தில் உள்ள உங்கள் அழைப்புக் குறி) ஒலிப்பெயரில், ஆல்ஃபா பிராவோ என்கிற மாதிரி, நிதானமாக ஒருமுறை சொல்லுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். நெட் கன்ட்ரோல் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு பேசினால் போதும். "செக்-இன் மட்டும், வேறு செய்தி இல்லை" என்று முடித்தாலும் முழு மரியாதை உண்டு. ஒவ்வொருவர் பேசி முடித்ததும் இடைவெளி விடுவது சும்மா இல்லை. அவசரச் செய்தி வைத்திருப்பவர் அந்த இடைவெளியில்தான் நுழைவார். வெள்ளம், புயல் நேரத்தில் நெட் ஒழுங்காக ஓட வேண்டுமானால், ஒன்றும் நடக்காத சாதாரண வாரங்களில் இந்தப் பழக்கம் படிந்திருக்க வேண்டும். வாராந்திர நெட்டை நான் விடாமல் நடத்துவது அதனால்தான்.

செக்-இன் முடிந்ததும் "என் ஆடியோ எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். நெட் முடிந்த பிறகு யாரையாவது சிம்ப்ளெக்ஸுக்கு (ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட்) அழைத்துப் பேசிப் பாருங்கள். ரிப்பீட்டர் உயரத்தில் இருந்து உங்கள் குறைகளை மறைத்துவிடும். நேரடியாகப் பேசும்போதுதான் ஆன்டெனாவின் உண்மை நிலை தெரியும். ஹேண்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனா பெரும்பாலும் ஒரு சாண் நீளம்தான் இருக்கும். டூ மீட்டரில் முழுக் கால் அலைநீளம் என்றால் அரை மீட்டர் வரும்.

அடுத்த கூட்டத்தில் வரவு செலவு முடிந்ததும் எழுந்து, "ஆன்டெனா கட்டும் நாள் வைக்கலாமா?" என்று கேளுங்கள். புதியவர் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஒருவரிடம் ஆன்டெனாவை அளந்து பார்க்கும் அனலைசர் இருக்கும், இன்னொருவரிடம் கம்பி மிச்சம் இருக்கும். 40 மீட்டர் பேண்டுக்கு டைபோல் (நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் கம்பி ஆன்டெனா) கட்டுவதானால், மொத்த நீளத்துக்கு 142.5-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள்: 7.1-க்கு ஏறக்குறைய 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. கொஞ்சம் நீளமாகவே வெட்டிக் கட்டி, எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு, குறைவாக இருந்தால் நல்லது) பார்த்துப் பார்த்துக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அனலைசரில் எஸ்டபிள்யூஆர் குறையும் அந்தப் பள்ளம் மெல்ல நகர்ந்து நமக்கு வேண்டிய இடத்துக்கு வருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ரெசொனன்ஸ் (ஒத்ததிர்வு) என்றால் என்னவென்று அப்புறம் மறக்காது.

இன்னொன்று, பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது ஹேண்டிகளோடு வெளியே நிற்பது. அதன் சிக்னலைக் கேட்க 145.800 மெகாஹெர்ட்ஸ். ஒரு கடப்பு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1961-லேயே, விண்வெளி யுகம் தொடங்கி நான்கு வருடம் சொச்சத்தில், அமெச்சூர்கள் தாங்களே செய்த ஆஸ்கார் 1 செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போய் மோர்ஸில் "ஹாய்" என்று அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பரம்பரையில் நீங்களும் ஒருவர். ஓரத்தில் உட்கார வேண்டியதில்லை.

புதுஅலை:

மிக்க நன்றி சார். இந்த வாரம் செக்-இன் செய்துவிடுகிறேன். அடுத்த மாதம் ஃபாக்ஸ் ஹன்ட் (ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரைத் தேடும் விளையாட்டு) என்று அறிவித்திருக்கிறார்கள். என்னிடம் யாகி (திசை காட்டும் ஆன்டெனா) இல்லை. வெறும் ஹேண்டியோடு கலந்துகொள்ள முடியுமா?

நெட்கன்ட்ரோல்:

தாராளமாக. ஹேண்டியை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உடம்பு சிக்னலை மறைக்கும். எந்தத் திசை பார்க்கும்போது மிகக் குறைகிறதோ, அப்போது ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டர் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிறது. இடம் மாற்றி இரண்டு மூன்று முறை பார்த்து, கோடுகளை வரைபடத்தில் குறித்தால் அவை வெட்டும் பகுதி கிடைக்கும். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னல் ஏமாற்றும், அதனால் திறந்த வெளியில் எடுத்த திசையை அதிகம் நம்புங்கள்.

நெருங்கியதும் மீட்டர் முழுக்க ஏறி எல்லாத் திசையும் ஒரே மாதிரி காட்டும். அப்போது ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், அல்லது ஐந்து பத்து கிலோஹெர்ட்ஸ் தள்ளி ட்யூன் செய்யுங்கள். செட் இரண்டு பேண்ட் எடுக்கும் என்றால் மூன்றாவது ஹார்மானிக்கைப் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் வரும் மெல்லிய சிக்னல்) பிடியுங்கள். ஃபாக்ஸ் 145.300-ல் இருந்தால் 435.900-ல் மெலிதாகக் கேட்கும், அதுவும் பக்கத்தில் இருந்தால்தான். பிடிடியை லாக் செய்துவிடுங்கள். ஆன்டெனா இல்லாமல் தப்பித் தவறி அழுத்திவிட்டால் செட்டின் ஃபைனல் (பவரைப் பெருக்கி அனுப்பும் கடைசிப் பகுதி) போய்விடலாம்.

கம்பிச்சுருள்:

வேட்டைக்கு முந்தைய வாரம் டேப் அளவுகோலை வெட்டி யாகி செய்வதாக இருக்கிறேன். உலோகப் பட்டை, பிவிசி குழாய், குழாயை இறுக்கும் கிளாம்ப், இவ்வளவுதான் சமாச்சாரம். முனைகளை டேப் சுற்றி மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணில் குத்திவிடும். உங்கள் கிளப்பிலும் யாராவது செய்து வைத்திருப்பார்கள். கேட்டு வாங்கி அளவெடுத்துக்கொள்ளுங்கள். 73 (வாழ்த்துகள்).