வீடு கட்டினவர்கள் 'வீடு' படம் பார்த்தால்

பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தை நான் முதலில் பார்த்தது தூர்தர்ஷனில், பள்ளிக்கூட வயதில். பாட்டு இல்லை, சண்டை இல்லை. பாதியிலேயே எழுந்து விளையாடப் போய்விட்டேன். 1988இல் வந்த படம், அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம் என்பதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

மறுபடி பார்த்தது 2017இல், சொந்த வீட்டுக்குக் குடிபோன பிறகு.

படத்தில் சுதா ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண். வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு எங்கே போவது? இருந்த இரண்டு மனையில் ஒன்றை விற்று, மற்றதில் கட்டத் தொடங்குகிறாள். அந்த இடத்திலேயே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நாங்களும் ஊரில் இருந்த அரை ஏக்கரை விற்றுத்தான் அஸ்திவாரம் போட்டோம்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. எங்கள் வீட்டில் தளம் போட சென்ட்ரிங் அடித்துக்கொண்டிருந்த வாரம் அது. சனிக்கிழமை ஆள்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பீரோவில் இருந்ததெல்லாம் 500 ரூபாய்க் கட்டு. பேங்க் வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசை. கடைசியில் என் மாமியார், பழனிக்கு என்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்துக் கொட்டினார். நூறு, ஐம்பது, இருபது. கொத்தனார் முன்னால் தரையில் உட்கார்ந்து எண்ணினோம். விபூதி வாசனை அடித்தது. (முருகனுக்கு அந்தக் கடனை வட்டியோடு அடைத்துவிட்டோம்.)

பூச்சு வேலை நடக்கும்போது அப்பா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் பிடித்து வந்துவிட்டார். மண் குவியலைச் சுற்றி, பலகை மேல் கால் வைத்து, ஒவ்வொரு அறையாகப் போனார். ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்து நின்றார். "ஜன்னல ஏன் மேற்க வச்ச? சாயங்காலம் வெயில் அடிக்குமே" என்றார். அவ்வளவுதான், கிளம்பிவிட்டார்.

படத்தில் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தாவும் இப்படித்தான் தனியாக வந்து, பாதி கட்டிய வீட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். திரும்பிப் போகும் வழியில் இறந்துவிடுவார். செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் அப்பா. "ஏன் நிறுத்திட்ட? போடு" என்றார்.

முடிவில், அந்த இடத்தைக் குடிநீர் வாரியம் எப்போதோ கையகப்படுத்திவிட்டது என்று தெரியவரும். வீடு பாதியில் நிற்கும், வழக்கு நடக்கும். தீர்ப்பு நமக்குத் தெரியாது. அப்பா ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். அப்புறம் கேட்டார்: "நம்ம எடத்துக்கு வில்லங்கம் கடைசியா எப்பப் போட்ட?"

மறுநாள் காலை போய்ப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, சரியாக இருந்தது. ஆனாலும் படம் பார்த்துவிட்டு வில்லங்கச் சான்று எடுத்தவன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

*

(இதைப் படித்த ஒருவர் எழுதியது:) எனக்கு அந்தப் படம் என்றால் இசைதான். இளையராஜா 1986இல் போட்ட 'ஹவ் டு நேம் இட்' கேசட் எங்கள் வீட்டில் தேயத் தேய ஓடியது. அதிலிருந்தே எடுத்துப் படத்துக்குப் பின்னணியாக வைத்திருக்கிறார்கள். முன்பு அந்த வயலினைக் கேட்டால் எங்கள் வீட்டு மொட்டை மாடி ஞாபகம் வரும். இப்போது நனைந்த சிமெண்ட் மூட்டைதான் வருகிறது. கேசட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று கொஞ்சம் கோபம்கூட உண்டு.

*

(இன்னொருவர் எழுதியது:) அண்ணே, உங்களுக்கு அந்தத் தாத்தா. எனக்கு, சித்தாளாக நடித்த 'பசி' சத்யா.

என் அம்மா பதினெட்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவர். லீவு நாளில் என்னையும் சைட்டுக்குக் கூட்டிப் போவார். மணல் மேட்டில் விளையாடிவிட்டு, மத்தியானம் தூக்குவாளியில் இருக்கும் பழைய சோற்றை ரெண்டு பேரும் சாப்பிடுவோம். சினிமாவில் சித்தாள் என்றால் ஓரமாகக் கல் தூக்கிக்கொண்டு போவாள், இல்லையென்றால் மேஸ்திரியோடு டூயட் பாடுவாள். இந்தப் படத்தில் காண்ட்ராக்டர் சிமெண்ட்டைத் திருடுவதை ஓனரிடம் சொல்வதே சித்தாள்தான். அவன் விட்டுவிட்டுப் போன பிறகு வேலையை நகர்த்துவதும் அவள்தான். எல்லாரும் தாத்தாவைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

போன பொங்கலுக்கு அம்மாவை உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நடுநடுவே எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார். சிமெண்ட் திருட்டு வந்தபோது மட்டும் சுவரில் சாய்ந்து நன்றாக உட்கார்ந்துகொண்டார்.

முடிந்ததும், "எப்படிம்மா?" என்றேன்.

"ஒரு சைட்ல நானும் பாத்தேன்டா. ராத்திரி டிவிஎஸ் பிப்டில ரெண்டு ரெண்டு மூட்டையா போச்சு."

"சொன்னீங்களா?"

"அந்தப் பொண்ணு நம்புது. நம்ம ஓனரம்மா மேஸ்திரிகிட்டயே கேட்டிருக்கும். அப்பதான் உனக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்" என்று சொல்லிவிட்டு, சாதம் வடிக்க எழுந்து போனார்.